வாரா வாரம் கிளாஸா, எப்பவாச்சும் ஒர்க்‌ஷாப்பா?

பெயின்டிங் பண்ணி விக்கவும் செய்யணும், சொல்லியும் குடுக்கணும்னா, வாரா வாரம் கிளாஸ்ல மாசாமாசம் காசு நிச்சயம், ஆனா முடிச்சிட்டு வந்து கேன்வாஸ் முன்னாடி நின்னா பசங்க போட்ட கோடுதான் கண்ணுல நிக்கும், நம்ம படம் ஓடாது. ஆயில் பெயின்ட்னா பரவால்ல, நேத்து விட்ட இடம் இன்னிக்கும் ஈரமா இருக்கும், அக்ரிலிக் சில நிமிஷத்துலயே காஞ்சுடும், அதே ஷேடை மறுபடி கலக்கவே பாதி ராத்திரி போயிடும்.

ஒர்க்‌ஷாப்னா ரெண்டு நாள் தொண்டை கிழியும், மிச்ச நாளெல்லாம் நம்மளது. ஆள் சேக்கறதுதான் தலைவலி. நம்ம படங்களுக்கு ஷோ இருக்கற வருஷம் நான் இதைத்தான் சொல்லுவேன்.

ஆனா ஓவியர் பால் க்ளீ 1921லேர்ந்து 1931 வரைக்கும் ஜெர்மனில இருந்த பௌஹவுஸ்ங்கற கலைப் பள்ளில பாடம் எடுத்தாரு, அந்தப் பாடக் குறிப்பு 1925ல புக்காவே வந்துச்சு. ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப்ல அந்த மாதிரி யோசிக்க எங்க நேரம், ஒருத்தர் கை பழகி வர்றத பாக்கறதுக்குள்ள சர்டிபிகேட் குடுத்து அனுப்பிடுவோம்.