மூன்று சீசனாகக் கொம்பாங்கோடு: தோற்கும் அணிக்கு ஆள் சேர்த்த அனுபவம்

பினாங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, எங்க காலேஜ் டீம் ஆட்டத்துக்கு ஆளே வர மாட்டேங்குது. உங்கள மாதிரி கொம்பாங் வாங்கலாமா, இல்ல ஒரு பெரிய டிரம் போதுமா?" கொம்பாங் என்றால் ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய, ஒரு கையில் பிடித்து மறு கையால் தட்டுகிற மலாய் மேளம். போன வாரம்தான் இரண்டு கொம்பாங்குக்குத் தோல் மாற்றினேன். அந்தக் கடுப்பு இன்னும் போகவில்லை. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மலாய்க்காரர் கல்யாணத்தில் கொம்பாங்கைப் பார்க்காதவர் இங்கே இருக்க மாட்டார்கள். எங்கள் கோலாலம்பூர் கல்லூரி காற்பந்து அணிக்காக எட்டு வாங்கினோம். ஓசை பிரமாதம். ஆனால் ஆட்டுத்தோலுக்கும் இந்த ஊர் மழைக்கும் ஆகவே ஆகாது.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இங்கே மதியம் வரை வெயில் கொளுத்தும், நாலு மணிக்கு மேல் இடியோடு கொட்டும். எங்கள் ஆட்டமோ பெரும்பாலும் 4.45க்கு. காற்றில் ஈரம் ஏறியதும் தோல் தொய்ந்துவிடும். கணீரென்று கேட்டது ஈர அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல ஆகிவிடும். அப்போது செடாக் செருக வேண்டும். தோலுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே உள்பக்கமாக வைக்கிற மெல்லிய பிரம்பு அது. கட்டைவிரலால் சுற்றிச் சுற்றி அழுத்தி ஏற்ற வேண்டும், நகக்கண் சிவந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் மறக்காமல் உருவ வேண்டும். எத்தனை கோல்கள் என் முதுகுக்குப் பின்னால் விழுந்திருக்கின்றன தெரியுமா? ஒருமுறை காயட்டும் என்று கார் டேஷ்போர்டில் இரண்டை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் இரண்டிலும் தோல் பிளந்து கிடந்தது. அது என் தப்புதான்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். இதற்கு முன் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பெரிய டிரம். ஒருவன் அடிப்பான், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அவனுக்குப் பரீட்சை வந்தால் அன்றைக்குத் திடலே மௌனம். இலவச டீசட்டையும் பர்கரும் கொடுத்துப் பார்த்தோம். வந்தவர்கள் பாதி ஆட்டத்தில் கிளம்பிவிட்டார்கள். கொம்பாங் அப்படியில்லை. ஒருவர் விடுகிற இடைவெளியில் இன்னொருவருடைய அடி விழ வேண்டும். எல்லாம் பின்னிக்கொண்டால்தான் தாளம், ஓர் ஆள் குறைந்தால் ஓட்டை விழும். அதனால் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே "நான் வரலன்னா என் அடிய யாரு எடுக்கிறது?" என்று வாட்ஸ்அப்பில் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அணி ஜெயிக்குமா என்று யாரும் கேட்பதில்லை. தான் இல்லாவிட்டால் குறை தெரியும் என்று ஒருவருக்குத் தோன்றிவிட்டால் போதும், அவர் மழையிலும் வருவார். 2020இல் யூஐடிஎம் பல்கலைக்கழக அணி நாட்டின் உச்சப் போட்டியான சூப்பர் லீக்கில் ஆடியது போல நாங்களும் மேலே ஏறிய பிறகு கூட்டம் சேர்க்கலாம் என்று காத்திருந்தால், அதற்குள் எல்லோரும் பட்டம் வாங்கிப் போயிருப்பார்கள்.

ஹாஸ்டலில் இருந்த ஒரு மலாய் நண்பர்தான் அடி சொல்லிக்கொடுத்தார். நம் பையன்களில் நாலு பேர் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் உறுமி மேளக் குழுவோடு போகிறவர்கள். அவர்களுக்கு இரண்டே நாளில் வந்துவிட்டது. அப்புறம் சீனப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். ஆறு பேரில் தொடங்கியது, இப்போது மழை நாளிலும் முப்பது பேருக்குக் குறையாது.

போன சீசனில் ஓர் ஆட்டம், 0-5. ஐந்தாவது பந்தை வலையிலிருந்து எடுத்துப் போட்ட எங்கள் கோல்கீப்பர், எங்கள் பக்கம் திரும்பாமலே கையுறையோடு கோல் கம்பத்தில் தட்டினான். அவன் தட்டியது எங்கள் தாளம், ஓர் அடி பிசகவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, தம்பி, ஆட்டுத்தோல் கொம்பாங் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். பினாங்கிலும் இதே ஈரம், இதே மழை. செயற்கைத் தோல் போட்டதில் ஆறு வாங்குங்கள். ஓசை கொஞ்சம் மெலிவுதான், ஆனால் நீங்கள் ஆட்டத்தைப் பார்க்கலாம். கேட்காமல் தோல்தான் வாங்குவேன் என்றால் செடாக் பத்துப் பன்னிரண்டு கூடுதலாக வாங்கி, உலர்ந்த டப்பாவில் போட்டு வையுங்கள். டேஷ்போர்டில் மட்டும் வேண்டாம்.