அலகா, பூச்சிய வகுத்தியா? அட்டவணை போடுவதா, யூக்ளிடைக் கூப்பிடுவதா?

மண்டபத்தில் சாயங்காலம் நாலைந்து எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு இயற்கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். மட்டு n வளையத்தில் (0 முதல் n−1 வரை எண்கள்; கூட்டினாலும் பெருக்கினாலும் n-ஆல் வகுத்த மீதிதான் விடை) எது அலகு, எது பூச்சிய வகுத்தி என்று கேட்டால் போதும், ஸ்கேலை எடுத்துப் பெருக்கல் அட்டவணைக்குக் கோடு போட ஆரம்பித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், ஒரு தேர்வில் மட்டு 30-க்கு 900 கட்டம் நிரப்ப உட்கார்ந்து பாதியில் மணி அடிக்கும்வரை.

மட்டு 6, மட்டு 8-க்கு அட்டவணை நல்லதுதான். ஒரு எண்ணின் வரிசையில் 1 வந்தால் அது அலகு. பூச்சியமல்லாத ஒன்றோடு பெருக்கி 0 வந்தால் பூச்சிய வகுத்தி. அதற்கு மேல் வெட்டி வேலை.

பூச்சியமல்லாத எண்ணுக்கும் n-க்கும் மீப்பெரு பொது வகுத்தி 1 என்றால் அலகு, 1-ஐ விடப் பெரிது என்றால் பூச்சிய வகுத்தி. இந்த வழி வேகமானது, ஆனால் ஏன் வேலை செய்கிறது என்பது பலருக்குப் பிடிபடுவதில்லை. ராமேஸ்வரம் கோயிலின் 22 தீர்த்தங்களும் வட்டமாக இருப்பதாக நினைத்து (இல்லை என்பது ஈரத்துணியோடு ஓடியவர்களுக்குத் தெரியும்) 0 முதல் 21 வரை எண் போடுங்கள். மூன்று மூன்றாகத் தாவினால் எல்லாக் கிணற்றிலும் குளித்துவிட்டுத்தான் 0-க்கு வருவீர்கள், அதனால் வழியில் 1-ஐ மிதித்தே ஆகவேண்டும்; அது 15-ஆவது தாவல், 3×15=45, 22-ஆல் வகுத்தால் மீதி 1. நாலு நாலாகத் தாவினால் 11 தாவலிலேயே 0-க்குத் திரும்பிவிடுவீர்கள் (4×11=44, மீதி 0), ஒற்றைப்படைக் கிணறு ஒன்றில்கூட தலை நனையாது. ஆக 22-உடன் சார்பகாவாக (1 தவிரப் பொது வகுத்தி இல்லாமல்) உள்ள 10 எண்கள் அலகுகள், 11 எண்கள் பூச்சிய வகுத்திகள், மிச்சம் 0.

என் ஓட்டு யூக்ளிடுக்கு, அதாவது மீதியால் மறுபடி மறுபடி வகுத்து மீப்பெரு பொது வகுத்தி காணும் அவர் முறைக்கு. 391-ஐப் பார்த்தால் பகா எண் மாதிரியே இருக்கும்; அதைப் பகுக்காமலே வேலை முடியும் என்பதுதான் இதில் அழகு. மட்டு 391-இல் 100 எப்படி? 391=3×100+91, 100=91+9, 91=10×9+1. மீதி 1, எனவே அலகு; வந்த வழியே திரும்பினால் 1=11×391−43×100, ஆகவே நேர்மாறு (100-ஓடு பெருக்கினால் 1 தரும் எண்) −43, அதாவது 348. 119-ஐப் போட்டால் 34, பிறகு 17, அப்புறம் மீதி இல்லை. 391-ஐ 17-ஆல் வகுத்தால் 23; 119×23=7×391, பூச்சியமாக்கும் ஜோடியும் கையில். அலகானால் நேர்மாறு, இல்லையென்றால் ஜோடி, இரண்டில் ஒன்று கிடைத்தே தீரும். அட்டவணையும் இதைத் தரும்தான், ஆனால் யார் 391-க்கு அட்டவணை போடுவது!

எத்தனை அலகுகள் என்று மட்டும் கேட்டால் சீன மீதித் தேற்றத்துக்குப் போங்கள் (n-ஐச் சார்பகாக் காரணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனியே எண்ணிப் பெருக்கலாம்): 17×23 என்று பிரித்து 16×22=352. பகுக்கத் தெரியாத பெரிய எண்ணில் இது படுத்துவிடும்.

போன வாரம் ஒரு பிள்ளை, முழு எண் வளையத்தில் 2 அலகு இல்லை, எனவே பூச்சிய வகுத்தி என்று எழுதியிருந்தது. “ஒன்று அது, இல்லையேல் இது” என்பது முடிவுள்ள வளையத்துக்கு நிச்சயம் செல்லும், முடிவில்லாததில் அப்படி நம்ப முடியாது. முழு எண்களில் வட்டமே கிடையாதே. நேராகப் போகும் கோட்டில் இரண்டிரண்டாகத் தாவிப்போனால் 1-ஐயும் மிதிக்க மாட்டீர்கள், 0-க்கும் திரும்பி வரமாட்டீர்கள்.