பூட்டிய அறையிலா, பொதுவெளியிலா? அறுவை சிகிச்சையின் விளைவை அளந்த இரு வழிகள்

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைக்குப் பின் நேரும் மரணங்களை நாட்டுச் சராசரியோடு ஒப்பிட்டுக் காட்டும்படி 1985 டிசம்பரில் சட்டம் வந்தது. நோயாளி எவ்வளவு நலிந்திருந்தார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். சிக்கல் என்னவென்றால், அப்படியொரு சராசரியே அப்போது இல்லை. இதய அறுவை நிபுணர் ஷுக்ரி கூரியின் தலைமையில், 1991இல் 44 மருத்துவமனைகளில் அதற்கான ஆய்வு தொடங்கியது.

இந்த முறையின் உயிர்நாடி பயிற்சி பெற்ற செவிலியர். கத்தி பிடித்தவர் தன் கணக்கைத் தானே எழுதுவதில்லை. ரத்தப் பரிசோதனையிலிருந்து, முப்பதாம் நாளில் நோயாளி உயிரோடு இருக்கிறாரா, புண்ணில் சீழ் பிடித்ததா என்பது வரை செவிலியரே திரட்டுகிறார். எதிர்பார்க்கத்தக்க மரணங்களைவிட உண்மையில் நிகழ்ந்தவை கூடுதலா என்று அதிலிருந்து கணிக்கிறார்கள். மரண அபாயத்தை மிக நன்றாக முன்னறிவித்தது எது தெரியுமா? ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தின் அளவு. எளிய, மலிவான பரிசோதனை! விவரங்கள் மருத்துவமனைகளுக்குள்ளேயே சுற்றின. சுமார் பத்தாண்டுகளில் முப்பது நாள் மரண விகிதம் 27 சதவீதமும் பின்சிக்கல்கள் 45 சதவீதமும் குறைந்தன.

நியூயார்க் மாநிலம் எதிர்த்திசையில் போனது. இதய பைபாஸ் அறுவைக்குப் பிந்தைய மரணங்களை மருத்துவமனைப் பெயருடன் 1990இல் வெளியிட்டது. 'நியூஸ்டே' நாளிதழ் வழக்குத் தொடுத்து வென்றபின், 1991இல் மருத்துவர்களின் பெயர்களும் வெளிவந்தன. 1989க்கும் 1992க்கும் இடையே, நோய்க் கடுமையைக் கணக்கிட்ட மரண விகிதம் 41 சதவீதம் சரிந்தது. ஆனால் அத்தகைய அறிக்கை வெளியிடாத மாசசூசெட்ஸிலும் சரிவு இருந்தது. நுரையீரல் நோய் போன்ற துணைநோய்கள் நியூயார்க் படிவங்களில் திடீரெனப் பெருகியதும் உறுத்துகிறது: நோயாளி அதிகம் நலிந்தவராகப் பதிவானால், கணக்கிட்ட மரண விகிதம் தானாகவே குறைந்து தெரியும்.

நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியின் செயின்ட் பீட்டர்ஸ் மருத்துவமனையை மட்டும் மறக்க முடியவில்லை. தங்கள் எண்களைக் குடைந்தபோது, அவசரமாக வந்தவர்களே அதிகம் இறப்பது தெரிந்தது. அறுவைக்கு முன் அவர்களின் உடல்நிலையை நிலைப்படுத்தத் தொடங்கினார்கள். மரணம் வெகுவாகக் குறைந்தது. இதைச் செய்தது பட்டியலை வாசித்த நோயாளி அல்ல, உள்ளே இருந்த மருத்துவர்கள்.

ஆகவே, பெரிய மருத்துவ அமைப்பொன்று இப்படி அளப்பதைப் புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் படைவீரர் வழியையே சொல்வேன்: முதலில் செவிலியர், பிறகு பெயர்ப் பட்டியல். ஆண்டுக்கு ஆண்டு எதிர்பார்ப்பை மீறி உயிர்கள் போகும் மருத்துவமனையின் பெயரை மட்டும், அங்கே படுக்கப் போகிறவரிடமிருந்து மறைக்க யாருக்கும் உரிமை இல்லை.