ஆறாம் படிவப் பொருளாதாரத்திற்கு ஒரு பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் வகுப்பு

மலேசியாவில் ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வுக்குப் பொருளாதாரம் எடுத்த என் மகள், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கும் டியூஷன் மையத்தில் பாடத்தின் மூன்று தவணைகளும் (பருவங்களும்) படித்தாள். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதல் தவணையின் நுண்ணியல் பொருளாதாரத்தில் ஆசிரியரின் திறமை நன்றாகவே தெரிந்தது. 2022ஆம் ஆண்டுக் கோழித் தட்டுப்பாட்டை வைத்தே உச்சவரம்பு விலைப் பாடத்தை, அதாவது இதற்கு மேல் விற்கக்கூடாது என்று அரசாங்கம் விதிக்கும் விலையைப் பற்றிய பாடத்தை, நடத்தினார். சோளம், சோயா போன்ற தீவனப் பொருள்களின் விலையேற்றத்தால் பண்ணைகளின் செலவு கூடி அளிப்புக் கோடு இடப்பக்கம் நகர (அதாவது அதே விலைக்கு விற்பனைக்கு வரும் கோழி குறைய), கிலோவுக்கு 8 ரிங்கிட் 90 சென் என்ற கட்டுப்பாட்டு விலை, தேவையும் அளிப்பும் சமமாகும் சமநிலை விலைக்குக் கீழே நின்றதால் சந்தையில் பற்றாக்குறை ஏற்பட்டதையும், அதன் தொடர்ச்சியாக அவ்வாண்டு ஜூன் 1 முதல் அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்தியதையும் ஒரே வரைபடத்தில் படிப்படியாக விளக்கினாராம். பிறகு ஒவ்வொரு மாணவரையும் பலகைக்கு அழைத்து அதே படத்தை வரையச் சொல்வார். அச்சுகளில் விலை, அளவு என்று குறிக்காதவர் படம் முழுவதையும் அழித்துவிட்டு மீண்டும் வரைய வேண்டும். கண்டிப்பு சற்று அதிகம்தான். ஆயினும் அந்தப் பழக்கம் என் மகளுக்குத் தேர்வில் கைகொடுத்தது.

இரண்டாம் தவணையின் பேரியல் (நாட்டின் மொத்தப் பொருளாதாரம் பற்றிய) பகுதியில் தேசிய வருமானக் கணக்குகளுக்குப் பயிற்சித் தாள்கள் தாராளமாகக் கிடைத்தன. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் தவணையில்தான் எனக்கு மனக்குறை. 1998 முதல் 2005 வரை ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என மாற்று விகிதம் நிலைநிறுத்தப்பட்டிருந்த காலத்தைப் பற்றி என் மகள் எழுதிய கட்டுரை, வாரக் கணக்கில் தாமதமாகி, குறிப்பு எதுவுமின்றி, மொத்த மதிப்பெண்ணும் இரண்டு சரிக்குறிகளும் மட்டும் தாங்கித் திரும்பி வந்தது. காரணத்தை விளக்குவதற்கும் சாதக பாதகங்களை எடைபோட்டு முடிவு சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை அவள் பள்ளி ஆசிரியையிடம்தான் தெரிந்துகொண்டாள். மாதக் கட்டணம் கட்டும் பெற்றோர் இந்தத் திருத்தத்தை எதிர்பார்ப்பது நியாயமே. இது போதாதென்று, தேர்வுக்கு முந்திய மீள்பார்வை வகுப்புக்குத் தனிக் கட்டணமும் வாங்கினார்கள்.

வரைபடம் என்றாலே மிரளும் பிள்ளைகளை முதல் தவணைக்கு இங்கே தயங்காமல் அனுப்பலாம். கட்டுரையில் பின்தங்கியிருப்பவர்களின் பெற்றோர், திருத்திய விடைத்தாள் ஒன்றைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.