துளை போடாதவரை மாற்றலாம்: செட்டிநாட்டில் ஒரு பழைய பென்ஸ்

எங்கள் வீட்டில் இருப்பது 1983-ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் பென்ஸ் 230இ. டபிள்யூ 123 வரிசையைச் சேர்ந்தது. மலேசியாவில் தொழில் செய்த அப்பச்சி, அதாவது என் அப்பா, ஊர் திரும்பியபோது கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். நான்கு சிலிண்டர், 2299 சிசி, 136 குதிரைத்திறன், கையால் மாற்றும் 4 கியர். 1976-இல் வெளிவந்து ஏறத்தாழ 27 லட்சம் தயாரான வரிசை என்பதால் அபூர்வப் பொருள் என்று பெருமை பேச வழியில்லை. ஆனாலும் காரைக்குடியில் இன்னொன்று எதிரே வந்து நான் பார்த்ததில்லை.

திருமண வீடுகள், பிள்ளையார்பட்டி, மதுரை, எப்போதாவது திருச்சி விமான நிலையம் என்று பல ஆண்டுகளாக இதை ஓட்டிவருகிறேன். உறையைப் போட்டு மூடிவைக்கிற வண்டி அன்று. அதனால் பார்க்கிறவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். "ஒரு திருகாணியைக்கூட மாற்றாதீர்கள்" என்பார் ஒருவர். "இன்ஜினைத் தூக்கிவிட்டு ஜப்பான் டீசல் ஒன்றை வையுங்கள்" என்பார் அடுத்தவர். நான் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு வேறு. புதிதாக ஒரு துளை போடாமல், எதையும் வெட்டாமல் முடிகிற வேலையா, செய்யலாம். கழற்றிய பழைய பொருளை எண்ணெய் தடவி, பெயர் எழுதி, பரணில் ஏற்றிவிட வேண்டும். துளையும் வெல்டிங்கும் கேட்கிற வேலை என்றால், எவ்வளவு நல்ல யோசனையாக இருந்தாலும் வேண்டாம்.

முதலில் ஏசி. சித்திரை வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவதுதான் மூல நிலைக்குச் செய்யும் மரியாதை என்றால் அந்த மரியாதை எனக்கு வேண்டாம். இந்த வண்டி ஆர்12 என்ற பழைய குளிரூட்டும் வாயுவுக்காகச் செய்யப்பட்டது. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு அந்த வாயு படிப்படியாக நின்றுபோயிற்று. பழைய அமைப்பில் அதற்குப் பதிலாக வந்த ஆர்134ஏ வாயுவை அப்படியே நிரப்பினால் குளிர்ச்சி போதாது. பழைய ரப்பர் குழாய்களின் வழியே கசிந்தும் போய்விடும். கம்ப்ரசர் எண்ணெயையும் மாற்றியாக வேண்டும், பழைய தாது எண்ணெய் புது வாயுவோடு கலக்காது. ஆகவே கசிவு தடுக்கும் உட்பூச்சு கொண்ட குழாய்கள், புதிய வகைக் கண்டென்சர், சிறிய ரோட்டரி கம்ப்ரசர் என்று முழுவதையும் மாற்றினேன். கண்டென்சர் பழைய தாங்கிகளிலேயே உட்கார்ந்தது. கம்ப்ரசருக்கு மட்டும் ஓர் இரும்புத் தகட்டை அளவெடுத்துச் செய்து, இன்ஜினில் ஏற்கனவே இருந்த போல்ட் துளைகளிலேயே பூட்டினார்கள். டாஷ்போர்டில் இருக்கும் பித்தான்களும் குமிழ்களும் ஜெர்மனியிலிருந்து வந்தவையே. உள்ளே உட்காருகிறவருக்கு வித்தியாசம் தெரியாது; நடுப்பகலில் திருமயம் சாலையில் போகிறவருக்கு நன்றாகவே தெரியும்.

அடுத்தது பெட்ரோல். இதில் காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டர் கிடையாது. பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் பீச்சும் அமைப்புதான். கணினி எதுவும் இல்லாமல், உள்ளே வரும் காற்று ஒரு தட்டைத் தூக்க, அந்தத் தட்டின் உயரத்துக்கேற்பப் பெட்ரோல் அளந்து பாயும். அருமையான வேலைப்பாடு. ஆனால் நம் வெயிலில் அதற்கு ஒரு பிணக்கு வந்தது. காலையில் சாவியைத் திருப்பினால் உடனே உயிர்பெறும். உச்சிவேளையில் கோயில் வாசலில் அரைமணி நிறுத்திவிட்டு வந்தால், ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். பிடித்தாலும் இரண்டு மூன்று நிமிடம் இருமிவிட்டுத்தான் சீராகும்.

இந்த அமைப்பையே கழற்றி எறிந்துவிட்டுக் கார்புரேட்டர் போடச் சொன்னவர்கள்தாம் அதிகம். எங்கள் மெக்கானிக் பாய் ஒன்றும் பேசாமல் பெட்ரோல் பாதையில் அழுத்தமானியை மாட்டினார். இன்ஜின் ஓடும்போது முள் 5 பார் அழுத்தத்தை ஒட்டி நின்றது. அணைத்ததும் தயங்கித் தயங்கி இறங்க வேண்டிய முள், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரசரவென்று பூஜ்யத்துக்கு வந்தது. "அண்ணே, அழுத்தம் நிற்கவில்லை. குழாயில் பெட்ரோல் கொதிக்கிறது" என்றார். அணைத்த பிறகும் அழுத்தத்தைப் பிடித்துவைக்க அக்குமுலேட்டர் என்று ஒரு சிறு குடுவை பின் சக்கரத்துக்கு அருகில் இருக்கிறது. அதுவும் பம்பின் ஒருவழி வால்வும் தேய்ந்திருந்தன. இரண்டையும் மாற்றியதோடு தொல்லை ஒழிந்தது. பழைய வண்டிகளில் 'மூலப் பொருள் சரியில்லை' என்று சொல்லப்படுவதில் பாதி, மூலப் பொருளைச் சோதித்துப் பார்க்காத கதைதான்.

ஆனால் அதே பாதையில் மூலப் பொருளைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாத இடமும் உண்டு. இப்போது நாடெங்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்துதான் வருகிறது. 1983-இன் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இளகும், உப்பும், வெடிப்பு விடும். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதால், வாரக்கணக்கில் நிற்கிற வண்டியில் டேங்கும் துருப்பிடிக்கும். ரப்பர் குழாய் அத்தனையையும் எத்தனால் தாங்கும் ஃபுளோரோ ரப்பருக்கு மாற்றிவிட்டேன். இதில் தயங்கினால் வண்டி தீப்பிடிக்கலாம். தூய்மைவாதிகளோடு இந்த ஒரு விஷயத்தில் நான் வாதம் செய்வதில்லை.

விளக்குக்கு அதிகம் சொல்ல வேண்டாம். புது ஒயரும் ரிலேயும் போட்டதும் அதே ஹாலஜன் பல்பு பளிச்சென்று எரிந்தது. ஹாலஜன் கிண்ணத்தில் எல்இடி பல்பைச் செருகி எதிரே வருகிறவரின் கண்ணைக் கெடுக்கும் வேலை எனக்குப் பிடிக்காது. பின்விளக்கின் வரிவரியான கண்ணாடியை அழகுக்காகச் செய்தது என்று நினைப்பவர்கள் உண்டு. சேறு படிந்தாலும் பள்ளமான வரிகள் மட்டும் சுத்தமாக இருந்து வெளிச்சம் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்தது அது. நம் செம்மண் புழுதியில் அது சொன்னபடி வேலை செய்கிறது. பெக்கர் ரேடியோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. புளூடூத் பெட்டி கையுறைப் பெட்டிக்குள்.

இருக்கைக்குள் ஸ்பிரிங், அதன் மேல் ரப்பர் பூசிய நார் மெத்தை. அது நொறுங்கித் தரையில் தூளாகக் கொட்டத் தொடங்கியபோது, ஸ்பாஞ்ச் வைத்துத் தருவதாகக் குஷன் கடையில் சொன்னார்கள். ஸ்பாஞ்ச் போட்டால் ஓர் அங்குலம் உயரும், முதுகு வியர்க்கும். பழையதையே அச்சாக வைத்துத் தென்னைநாரில் கட்டச் சொன்னேன். மரத்தகடுகளின் பாலிஷ் வெயிலில் வெடித்திருந்தது. அதற்குக் கார் கடையைத் தேடவில்லை. காரைக்குடியில் பழைய அலமாரிகளுக்கு மெருகு போடும் ஆசாரி ஒருவர் ஒரு வாரம் வைத்திருந்து சீராக்கிக் கொடுத்தார். எங்கள் பக்கம் கடற்கரை ஊர்களைப்போல இரும்பை அரிக்கும் உப்புக்காற்று இல்லை. இங்கே வண்டிக்கு எதிரி வெயில்தான். அது தகரத்தை விட்டுவிட்டு ரப்பரையும் மரத்தையும் தின்கிறது.

மூலத்தை மாற்றவே கூடாது என்பவர்கள் கானாடுகாத்தானின் பழைய செட்டிநாட்டு மாளிகைகளைக் காட்டுவார்கள். அந்த வீடுகளைக் கட்டியவர்கள் பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் பெல்ஜியம் கண்ணாடியையும் இறக்கியவர்கள்; அவர்கள் காலத்தில் அதுதான் புதுமை. மின்சாரம் வந்தபோது அவர்களின் பிள்ளைகள் விளக்குப் போட்டார்கள், ஒருவரும் தடுக்கவில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சை உடைத்து ஏசி குழாய் விடுகிறபோதுதான் எனக்கு வயிறு எரிகிறது. வண்டியிலும் அதே எரிச்சல்தான்.

தேவகோட்டையில் ஒரு பங்காளி இதே வரிசை வண்டியில் ஜப்பான் டீசல் இன்ஜினை ஏற்றினார். தாங்கிகளை வெட்டி, கியர் தண்டை நறுக்கி ஒட்டினார்கள். எரிபொருள் செலவு குறைந்தது உண்மை. ஆனால் நின்ற இடத்தில் கண்ணாடிகள் அதிர்கின்றன, ஸ்பீடாமீட்டர் முள் தன் போக்கில் ஆடுகிறது, ஆர்சியில் இருக்கும் இன்ஜினும் வண்டியில் இருக்கும் இன்ஜினும் வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இத்தகைய மாற்றத்தை விடுவதில்லை. விற்கவும் முடியாமல் வைத்திருக்கிறார்.

சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜ் என்று தனி எண்ணில் பதியலாம். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஆனால் அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது; கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புவது என்ற அளவோடு சரி. என் வண்டிக்கு அந்த வயது வர இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. வந்தாலும் அந்தப் பக்கம் போவேனா என்பது சந்தேகம். ஓட்டுவதற்குத்தானே இவ்வளவும்.

மின்சார வண்டியாக்கிவிடலாமே என்று என் மகன் கேட்கிறான். பேட்டரி ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இதே ஊரில் இருப்பதால் அவனுக்கு அந்த எண்ணம் வருவது இயற்கை. ஆஸ்டன் மார்ட்டின் 2018-இல் ஒரு வழி காட்டியது: பழைய இன்ஜினின் தாங்கிகளிலேயே மின்சாரத் தொகுதியைப் பூட்டுவது, வேண்டாமென்றால் கழற்றிப் பழையதையே ஏற்றுவது. அது என் கணக்குக்கு ஒத்துவருகிற யோசனை. நம் கைக்கு எட்டுகிற விலையில் அப்படி ஒன்று வரட்டும், பேசலாம்.

இப்போதைக்குக் குறை ஒன்றுதான். நான்காவது கியரில் நெடுஞ்சாலையில் இன்ஜின் அதிகமாகச் சத்தம் போடுகிறது. மெர்சிடிஸே அந்நாளில் கூடுதல் பணத்துக்கு 5 கியர் பெட்டி கொடுத்தது. கோலாலம்பூரில் பெரியப்பச்சி மகன் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். விலைதான் இன்னும் படியவில்லை. மாசிக்குள் படிந்தால், பழைய பெட்டிக்குப் பரணில் இடம் ஒதுக்க வேண்டும்.