ஓலை வாசிக்கும் முன்: தருமபுரி மறைமாவட்டத் திருமணத் தயாரிப்பு வகுப்பு எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களையும் சேர்த்ததுதான் கத்தோலிக்கத் திருச்சபையின் தருமபுரி மறைமாவட்டம். 1997 ஜனவரியில் சேலத்திலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டமானது. இங்குள்ள பங்குகளில் (ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த மக்களும் ஒரு பங்கு) கோயில் கல்யாணத்துக்கு நாள் கேட்டுப் போனால், திருமணத் தயாரிப்பு வகுப்புச் சான்றிதழைக் கேட்பார்கள். மண்டபம், நகை, பத்திரிகை எல்லாம் முடித்த பிறகு கடைசி நேரத்தில் ஓடி வந்து இந்தச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போகிற ஜோடிகள்தான் அதிகம். வகுப்பின் தரத்தைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை. ஒரு ஆயுளுக்கான ஒப்பந்தத்துக்குத் திருச்சபை தருகிற ஒரே முறையான பயிற்சி இது. அதனால் பேசித்தான் ஆக வேண்டும்.

எங்கள் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வகுப்பு நல்லது, தவறாமல் போங்கள். கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே போங்கள், இருவரும் ஒரே வகுப்பில் சேர்ந்து உட்காருங்கள். ஆனால் இந்தச் சேவையின் உயிர் வகுப்பறையில் இல்லை. பங்குத்தந்தை மாப்பிள்ளையையும் பெண்ணையும் தனித்தனியாக அழைத்துக் கேட்கும் திருமண விசாரணையில் இருக்கிறது. அதற்குத்தான் மிகக் குறைந்த நேரம் கொடுக்கப்படுகிறது.

முதலில் காகிதங்கள். திருமுழுக்கு (ஞானஸ்நான) சான்றிதழ் கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். சிறு வயதில் வாங்கிப் பெட்டியில் வைத்திருந்த பழைய சான்றிதழைக் கொண்டுவந்து வாக்குவாதம் செய்கிறவர்கள் உண்டு. புதிது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவருக்குத் திருமணம் நடந்தால் அது அவருடைய திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரத்தில் குறிக்கப்படும். புதிய நகல் எடுத்தால்தான் முந்தைய திருமணம் ஏதும் இருக்கிறதா என்று தெரியும். திருமுழுக்குப் பெற்ற பங்கு வேறு மாவட்டத்தில் இருந்தால், கேட்டு வாங்கவே சில வாரம் ஆகும். பிறகு மூன்று ஞாயிறு ஓலை, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்ற அறிவிப்பு, கோயிலில் வாசிக்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் பெரும்பாலான பங்குகளில் கல்யாணம் வைப்பதில்லை. இவற்றைக் கூட்டிப் பார்த்தால் மூன்று மாதம் என்பது ஏன் என்று விளங்கும்.

நம் பக்கத்தில் அதிகம் சிக்குவது உறவுமுறை. அக்கா மகளைக் கட்டுவதும், மாமன் மகள், அத்தை மகளைக் கட்டுவதும் இங்கே வழக்கம். திருச்சபைச் சட்டம் பக்கவழி உறவில் (ஒரே மூதாதையிலிருந்து கிளைத்த உறவில்) நான்காம் படிவரை திருமணத்தைத் தடுக்கிறது. பொது மூதாதையை விட்டு இருபுறமும் ஆட்களை எண்ணினால், அக்கா மகள் மூன்றாம் படி, மாமன் மகளும் அத்தை மகளும் நான்காம் படி. மறைமாவட்டத் தலைவரான ஆயரின் விலக்கு (தடையை நீக்கும் சிறப்பு அனுமதி) இல்லாமல் நடத்தினால் அந்தத் திருமணமே செல்லாது. விலக்கு கிடைப்பது உறுதி என்று நினைத்துப் பத்திரிகை அடித்துவிடாதீர்கள். அக்கா மகள் விஷயத்தில் விலக்குக் கிடைப்பது மிகவும் கடினம். வயதிலும் விட்டுக்கொடுப்பு இல்லை. திருச்சபைச் சட்டம் குறிப்பிடும் வயது குறைவாக இருந்தாலும், நாட்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். இந்த மாவட்டங்களில் இளவயதுத் திருமணம் இன்னும் முழுதாக ஒழியாததால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

துணை இந்துவாக இருந்தால் தனி விலக்கு வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் திருமணம் செல்லாது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற பிற கிறிஸ்தவச் சபையில் திருமுழுக்குப் பெற்றவராக இருந்தால் ஆயரின் அனுமதி போதும். இரண்டிலும் கத்தோலிக்கத் தரப்பு, தன் விசுவாசத்தைக் காப்பதாகவும் பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கத் திருமுழுக்குக் கொடுக்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றவருக்கு அந்த வாக்கைப் பற்றித் தெரிவிக்க வேண்டும், அவ்வளவே. அவரிடம் கையெழுத்து வாங்கி மதம் மாறச் சொல்வது சட்டத்தில் இல்லை. வகுப்பில் இதைத் தெளிவாகச் சொல்லாததால், உட்கார்ந்திருக்கும் இந்து மாப்பிள்ளையோ பெண்ணோ அன்றே மனத்தைப் பூட்டிக்கொள்கிறார்கள்.

வகுப்பு பொதுவாக இரண்டு அல்லது மூன்று நாள். திருமணம் என்ற அருளடையாளம் (இறையருள் தரும் திருச்சடங்கு), ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வது, குடும்பப் பொருளாதாரம், உடலும் இல்லறமும், சட்டம், கடைசியில் ஒப்புரவும் (பாவசங்கீர்த்தனம்) திருப்பலியும் (பூசை). அருளடையாளம் பற்றிய பகுதி எப்போதும் திடமாக இருக்கும். குருக்கள் அதில் தேர்ந்தவர்கள். திருமணம் ஒரு கூட்டு வியாபாரம் அல்ல, ஒருவர் தன்னை முழுதாக மற்றவருக்குக் கொடுப்பது என்று நன்றாக விளக்குவார்கள். உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ல் சொன்னது அதுதான்: தன்னையே கையளிப்பதில்தான் மனிதன் தன்னைக் கண்டடைகிறான்.

அந்த உயரமான பேச்சு தரைக்கு இறங்குவதில்லை என்பதுதான் குறை. 'தன்னலம் நாடாது' என்று பவுல் அடிகள் கொரிந்தியருக்கு எழுதியதைக் கல்யாணப் பத்திரிகையிலும் அச்சடிக்கிறார்கள். ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் பார்க்கிற கணவனும், காலையில் பெங்களூரு பஸ் பிடிக்கிற மனைவியும் இருக்கிற வீட்டில் தன்னலம் எந்த உருவத்தில் வருகிறது என்று வகுப்பு கேட்பதில்லை. ஏ.டி.எம். கார்டு யார் கையில் இருக்கும்? பெண்ணின் சம்பளத்தில் அவள் அப்பா அம்மாவுக்கு எவ்வளவு? மகளிர் குழுக் கடன், நகைக்கடன், தம்பி படிப்புக்கு வாங்கியது எல்லாம் எவ்வளவு, கல்யாணத்துக்கு முன் அதை வெளியே சொன்னார்களா? வாரத்தில் ஒரே விடுமுறை நாளில் மாமியார் வீடா, அம்மா வீடா? இந்த நான்கையும் ஒரு தாளில் இருவரும் தனித்தனியாக எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் ஒரு மணி நேரம் போதும். அதைச் செய்யும் வகுப்பு கிடைத்தால் விடாதீர்கள். செய்யாவிட்டால் வீட்டில் நீங்களே செய்யுங்கள்.

பெற்றோரின் தன்னலத்தைப் பற்றி வகுப்பு பேசுவதே இல்லை. குடும்ப ஒழுக்கம் என்றால் பெரியவர்கள் சொன்னதைக் கேட்பது என்றே நாம் வளர்ந்திருக்கிறோம். 'இந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றால் நான் உயிரோடு இருக்க மாட்டேன்' என்று தாய் சொன்னதால் தலையாட்டிய பெண்ணின் சம்மதம், திருச்சபையின் பார்வையில் சம்மதமே அல்ல என்று ஆகலாம். வன்முறையாலோ பெரும் அச்சத்தாலோ பெற்ற சம்மதத்தில் நடந்த திருமணம் செல்லாது என்பது திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1103ஆம் சட்டம். வரதட்சணை பேரம் ஓலை வாசிக்கும் வாரம்வரை தொடர்ந்தால், அதையும் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டிய இடம் திருமண விசாரணைதான்.

இயற்கை முறைக் குடும்பக் கட்டுப்பாட்டுப் பாடம் ஆளைப் பொறுத்து மாறுகிறது. அனுபவமுள்ள செவிலியரோ அருள்சகோதரியோ அட்டவணையைக் கையில் கொடுத்துக் குறிக்கக் கற்றுக்கொடுத்தால் பயன் உண்டு. ஒருவர் குறைந்தது மூன்று மாதவிடாய்ச் சுழற்சியையாவது கவனித்துக் குறித்தால்தான் தன் உடலின் ஒழுங்கு பிடிபடும். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுப் போனால் அது வேலை செய்யாது. பிறகு முறையையே குறை சொல்வார்கள்.

இனி விசாரணை. மாப்பிள்ளையும் பெண்ணும் தனித்தனியாக, உண்மை சொல்வதாக உறுதிகூறி, பதில் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். யாராவது வற்புறுத்தினார்களா, சாகும்வரை பிரியாத திருமணம் என்று ஏற்கிறீர்களா, ஒருவருக்கு ஒருவர் உண்மையாக இருப்பீர்களா, பிள்ளைகளை ஏற்பீர்களா, நோய், முந்தைய திருமணம் போன்ற எதையாவது மறைத்திருக்கிறீர்களா, ஏதாவது நிபந்தனை வைத்திருக்கிறீர்களா என்பவை கேள்விகள். ஒழுங்காகக் கேட்டால் ஒருவருக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். நடைமுறையில் பல இடங்களில், வாசலில் அம்மா நிற்க, 'ஆம்', 'ஆம்', 'இல்லை' என்று பத்து நிமிடத்தில் படிவம் நிரம்பிவிடுகிறது. பின்னாளில் திருமணம் முறிந்து மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்துக்கு வந்தால், அங்கே பார்க்கப்படும் ஆவணங்களில் முக்கியமானது இந்தப் படிவம். அதில் பொய் எழுதியவர் தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொள்கிறார். தனி அறை கேளுங்கள். பெற்றோரை வெளியே உட்காரச் சொல்லும்படி பங்குத்தந்தையிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நாளைத் தள்ளிப்போட வேண்டும் என்று தோன்றினால் அந்த அறையிலேயே சொல்லிவிடுங்கள்.

மணமுறிவைப் பற்றி வகுப்பு சொல்வது ஒரே வரி: 'கத்தோலிக்கருக்கு விவாகரத்து இல்லை.' போதனை சரி. கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்கக் கூடாது என்றார் இயேசு. திருமுழுக்குப் பெற்ற இருவருக்கிடையே முறையாக நடந்து, தாம்பத்திய உறவால் நிறைவுபெற்ற திருமணத்தை எந்த மனித அதிகாரத்தாலும் முறிக்க முடியாது. ஆனால் இந்த ஒரு வரியோடு நிறுத்துவது ஆபத்து. அடிபடுகிற பெண், அடி வாங்கிக்கொண்டே இருப்பதுதான் விசுவாசம் என்று நினைத்துக்கொள்கிறாள். துணையின் உடலுக்கோ ஆன்மாவுக்கோ பிள்ளைகளுக்கோ பெரும் ஆபத்து இருந்தால் பிரிந்து வாழலாம் என்று 1153ஆம் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ஆபத்து என்றால் ஆயரின் ஆணைக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைப்பதும், குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி பாதுகாப்புக் கேட்பதும் பாவம் இல்லை. பிள்ளைகளின் பராமரிப்புக்கோ சொத்துரிமைக்கோ வேறு வழியே இல்லாதபோது அரசு நீதிமன்றத்தின் விவாகரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2383ஆம் எண்ணில் இருக்கிறது. அடுத்த எண்ணிலும் அதைத் தொடர்ந்தும், விவாகரத்து பெருந்தவறு என்பதோடு, கைவிடப்பட்ட குற்றமற்ற துணையின் நிலை வேறு என்பதும் சொல்லப்படுகிறது. அரசு விவாகரத்து பெற்று மறுமணம் செய்யாமல் வாழ்கிறவருக்கு, அந்த விவாகரத்தை மட்டும் காரணம் காட்டி நற்கருணையை மறுக்க முடியாது. இதை அறியாமல் வருடக்கணக்கில் கோயிலின் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருப்பவர்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்கினால் அவர்களின் பிள்ளைகளாவது தெரிந்துகொள்வார்கள்.

திருமண நீதிமன்றம் விவாகரத்து கொடுக்கும் இடமல்ல. தொடக்கத்திலேயே செல்லுபடியான திருமணம் இருந்ததா என்று மட்டும் அது ஆராய்கிறது. மனு, சாட்சிகள், திருமணப் பிணைப்பைக் காக்க வாதிடும் ஒருவர், நீதிபதிகள் என்று நடைமுறை செல்லும். 2015ல் திருத்தந்தை பிரான்சிஸ் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு இரண்டாவது நீதிமன்றத்தின் உறுதிப்பாடு கட்டாயம் இல்லை. இரு தரப்பும் ஒப்பி, சான்று தெளிவாக இருந்தால் ஆயரே தீர்ப்பளிக்கும் குறுகிய வழியும் உண்டு. இங்கே தீர்ப்பு வாங்கியதும் மறுமணம் செய்துகொண்டு மாட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். திருச்சபைத் தீர்ப்பு அரசுச் சட்டத்தின் முன் விவாகரத்து ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2017ல் சொல்லிவிட்டது. இரண்டு தீர்ப்பும் வேண்டும். ஒருமித்த சம்மத விவாகரத்துக்குக் கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்தில் 2001ல் சேர்த்த பிரிவில் இரண்டு ஆண்டு பிரிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2010ல் அதை ஓர் ஆண்டாகக் குறைத்து வாசித்தது, 2022ல் அந்த ஓர் ஆண்டையும் செல்லாது என்றது. உங்கள் நீதிமன்றம் எதைப் பின்பற்றுகிறது என்று வழக்கறிஞரிடம் முதலிலேயே கேளுங்கள்.

மிகப் பெரிய குறை தொடர்ச்சி இல்லாதது. தாலி கட்டிய பிறகு இந்தச் சேவை முடிந்துவிடுகிறது. முதல் ஆண்டில்தான் கடனும் மாமியாரும் ஷிப்டும் ஒன்றாக வந்து மோதுகின்றன. அன்பியக் கூட்டத்தில் (பங்கில் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடும் செபக் கூட்டம்) இதைச் சொல்ல முடியாது, தெருவே கேட்கும். ஒவ்வொரு புதுத் தம்பதிக்கும் பங்கிலிருந்து ஒரு மூத்த தம்பதியைத் துணையாகக் கொடுத்து, மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் ஒருமுறை வீட்டுக்குப் போய் வரச் சொன்னால் செலவே இல்லை. உங்கள் பங்கில் இது இல்லையென்றால், வகுப்பு முடியும் நாளில் பாடம் நடத்திய தம்பதி ஒருவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். திருமணப் பதிவேட்டில் பெயர், வயது, அப்பா பெயரின் எழுத்துகள் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று கையெழுத்திடும் முன் பாருங்கள். தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியப் போகும்போது அந்தப் பதிவேட்டுச் சான்றைத்தான் காட்ட வேண்டும்.