இதயம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்

அக்கா மகள் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜன் முடித்துவிட்டாள். அவளுக்கும் அவளுடைய தோழிகளுக்கும் கொடுக்க, உடலுறுப்பு வடிவத்தில் வரும் பரிசுப் பொருட்களை ஆன்லைனில் வரவழைத்தேன். கோட்டில் குத்தும் இதய பின், நுரையீரல் படம் போட்ட ஐடி கார்டு ரீல், முதுகெலும்பு வடிவ புக்மார்க், ஸ்டெதாஸ்கோப்பில் மாட்டும் குட்டித் தொங்கல். ஐடா ஸ்கடர் 1918-லேயே பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் எங்கள் வேலூர். தெருவுக்கு ஒரு டாக்டரோ நர்ஸோ இருப்பார்கள். அவர்களுக்கு வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவன். இடது, வலதைக் காட்டும் எல், ஆர் குறி இல்லாமல் ஒரு படமும் எங்கள் கையை விட்டுப் போகாது. அதனால் பின்னைக் கையில் எடுத்ததும் என் கண் போனது இடம் வலத்துக்குத்தான். எதிரே நின்று பார்ப்பவருக்கு இதயத்தின் நுனி வலப்பக்கமாகக் கீழே சாய்ந்திருக்க வேண்டும். அணிந்தவருக்கு அது இடப்பக்கம். இதில் அது சரியாக இருந்தது. சிவப்பு மகாதமனி வளைவின் மேலிருந்து மூன்று கிளைகள் தனித்தனியாகக் கிளம்புகின்றன. அதற்கு முன்னால் நீல நிற நுரையீரல் தமனி குறுக்கே போகிறது. முன்பக்கம் இறங்கும் மெல்லிய ரத்தக்குழாயைக்கூட விடவில்லை. 250 ரூபாய் பொருளில் இவ்வளவு அக்கறை காட்டியவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

வேறொரு விற்பனையாளரிடம் வாங்கிய இதய பின் அப்படியில்லை. கண்ணாடியில் தெரிகிற மாதிரி படம் இடம் வலமாகத் திரும்பியிருந்தது. டெக்ஸ்ட்ரோகார்டியா என்று, இதயம் வலப்பக்கம் அமைந்தவர்கள் நிஜமாகவே உண்டு. ஆனால் இது அதைக் காட்டச் செய்ததல்ல, வெறும் கவனக்குறைவு. டாக்டர் நெஞ்சில் குத்திக்கொள்ளும் பொருளில் இதைச் செய்தால் கோபம் வராதா? திருப்பி அனுப்பினேன், பணம் வந்துவிட்டது.

இன்னொரு விஷயம், பின்புறம் எத்தனை ஊசி என்று பாருங்கள். ஒரே ஊசி இருந்தால் நடக்க நடக்கச் சுற்றி, இதயம் தலைகீழாகிவிடும். நல்ல பின்னில் இரண்டு இருக்கும்.

ரீல்தான் தினமும் கையில் படுகிற பொருள். வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு, இதயத்துக்கு இடம் விட்ட வளைவு எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனால் மேலே ஒட்டியிருப்பது அச்சடித்த ஸ்டிக்கர். சானிடைசர் பட்டுப் பட்டு ஓரம் வெளுத்துவிட்டது. எனாமல் பூசிய ரீல் கொஞ்சம் விலை கூடுதல் என்றாலும் அதையே வாங்குங்கள்.

புக்மார்க் அருமை. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என்று எலும்புகளை எண்ணிப் பார்த்தேன், கணக்கு சரி. "மாமா, வளைவுகூட சரியா இருக்கு" என்று அவளே சொன்னாள்.

ஸ்டெத் தொங்கல் வேண்டாம். குழாயில் எது உரசினாலும் அந்தச் சத்தம் காதுக்குள் கேட்கும். இதயத்துடிப்புக்கு இடையே வரும் மெல்லிய மர்மர் சத்தத்தைத் தேடுகிறவருக்கு அது பெரிய இடைஞ்சல். அவள் அன்றைக்கே கழற்றிச் சாவிக்கொத்தில் மாட்டிவிட்டாள். எலும்பு வடிவ மோதிரம், பிரேஸ்லெட் வகையறாவும் வார்டில் வேலை செய்பவர்களுக்கு உதவாது. நோயாளியைத் தொடும் ஒவ்வொரு முறையும் கை சுத்தம் செய்கிறவர்கள் அவர்கள், மோதிரத்துக்கு அடியில் கிருமி தங்கும். காதுக்குச் சின்னத் தோடு என்றால் சரி.

பேக்கிங் கெட்டியாக இருந்தது, எதுவும் நசுங்கவில்லை. புக்மார்க்கில் பெயர் பொறித்துத் தருகிறார்கள், தமிழிலும் கேட்கலாம். அதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும் என்பதால், விழாவுக்கு வாங்குபவர்கள் முன்கூட்டியே ஆர்டர் போட்டுவிடுங்கள்.